டி டிரைவில் இருந்த பேரு

மரியே வாழ்க

ஆகஸ்ட் 16

அன்பு மகன் நிலவழகனுக்கு அம்மா எழுதிக்கிறது. மாதா புண்ணியத்துல எனக்கும் அப்பாவுக்கும் மூச்சு வருது போகுது, சோறு எறங்குது, காய்ச்சல் தலைவலின்னு ஒண்ணும் இல்லை, அதுக்கு மேல சொகமா இருக்கோம்னு எழுதப் பேனா ஓடலை. நீ அங்க ஒழுங்காச் சாப்பிடுறியா, கப்பல் பட்டறையில ஹெல்மெட்டு பெல்ட்டு எல்லாம் மாட்டிக்கிட்டுத்தான் ஏறுறியா, முதுகு வலி தேவலாமா, எல்லாம் தெரியணும். நேத்து மாதா திருநாள். பூசைக்குப் போயி ஒனக்கும் பிளெஸ்ஸிக்கும் மெழுகுதிரி ஏத்தினேன், இன்னொருத்திக்கும் சேத்து ஒண்ணு ஏத்தினேன். அவளப் பத்தித்தான் இந்தக் கடுதாசி.

போன் இருக்கையில இவ என்னத்துக்கு நாலு பக்கம் எழுதுறான்னு நெனைப்ப. போன்ல நான் ரெண்டு வார்த்தை பேசுறதுக்குள்ள விடும்மா விடும்மாங்கிற, அப்பறம் சூப்பர்வைசர் கூப்பிடுறார்னு வச்சிர்ற. இதை நீ விட முடியாது, கட்டில்ல ஒக்காந்து முழுசா வாசிக்கணும். இன்னொண்ணு, எனக்கு இப்ப எதையும் தட்டி எந்த மெஷினுக்குள்ளயும் போட மனசு வரலை, கையால எழுதி ஒட்டிப் போஸ்ட்டுல போட்டாத்தான் தூக்கம் வருது. அப்பாவுக்கு முட்டிவலி அப்படியே இருக்கு. பஸ்ஸுல முப்பது வருசம் நின்னுக்கிட்டே டிக்கெட்டுக் கிழிச்ச காலு, இப்ப கக்கூசுக்குப் போகக்கூட செவுத்தப் புடிச்சுக்கிறார். பிளெஸ்ஸி புருசன் வீட்டுல, விராலிமலையில, நல்லா இருக்கா, ஏழு மாசம் முடிஞ்சிருச்சு, ரத்தம் மட்டும் கொஞ்சம் கம்மி, முருங்கைக்கீரை திங்கச் சொன்னா மூஞ்சியச் சுளிக்கிறா. மோட்டார் ரெண்டு தடவை காயில் போயிருச்சு. ஷீபா வீட்டுல ஒனக்குப் பேசிக்கிட்டிருந்தது நின்னு போச்சு. அவுக அம்மாவே நேர்ல வந்து, சம்பந்தம் பேசுற அளவுக்கு எங்களுக்கு இப்ப மனசு இல்லைங்கன்னு சொல்லிட்டுக் காப்பிகூடக் குடிக்காமப் போனாக. எதுனாலன்னு இதை வாசிச்சா ஒனக்கே தெரியும்.

தை மாசம் லீவுல வந்தியே, நெனைச்சுப் பாரு. அப்பா பகலெல்லாம் சும்மா கெடக்குறாரு, பழைய படம் பாக்கணும்னு ஆசைப்படுறாருன்னு ஹால்ல இருக்க கம்ப்யூட்டர்ல நீ ஒரு புரோகிராமைப் போட்டுக் குடுத்த. படத்துப் பேரைத் தட்டினா எவனோ ஒருத்தன் வீட்டுக் கம்ப்யூட்டர்ல இருந்து நம்ம வீட்டுக்கு வரும், காசு பணம் வேணாம்னு சொன்ன. அதெப்படிடா சும்மா குடுப்பான்னு நான் அடுப்படியில இருந்தே கேட்டேன். நம்மகிட்ட இருக்கதை அவனுக்குக் குடுக்கணும்மா, நெறையக் குடுத்தா நமக்கும் வெரசா வரும்னு சொல்லிக்கிட்டே நீ டி டிரைவுக்கு நேரா டிக்கு அடிச்ச. முழு டிரைவுக்கும். நான் சீலையில கையத் தொடைச்சுக்கிட்டே பின்னாடி நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். டி-யில என்ன இருக்குன்னு நீ கேக்கலை. நானும் சொல்லலை. அன்னைக்கு உங்கப்பா மொதப் படத்தைப் பாத்துட்டு சின்னப்புள்ள கணக்கா கையத் தட்டினாரு, எனக்கும் சந்தோசமாத்தான் இருந்துச்சு. ஒன்மேல மட்டும் பழியைத் தூக்கிப் போடணும்னு நான் இதை எழுதலை அழகு, என் பங்கையும் சேத்தே எழுதுறேன்.

டி-யில இருந்தது என் லிஸ்ட்டு. இருபத்தியேழு வருசம் நர்ஸம்மாவா வீடு வீடா ஏறி எறங்குனவ நான், எந்த வீட்டுல எவ குளிக்காம இருக்கான்னு அவ மாமியாருக்கு முன்னாடி எனக்குத் தெரியும். ரெஜிஸ்டர்ல எழுத்து பொடிசா இருக்கு, கண்ணு தெரியலைன்னு, பிளெஸ்ஸிதான் எனக்கு எக்செல் கத்துக் குடுத்தா. ஆபீசுக்கு ஏத்த வேண்டியதை அங்க ஏத்திட்டு, எனக்குன்னு வீட்டுல தனியா ஒரு காப்பி வச்சுக்கிட்டேன். அதை யாரும் கேக்கலை, நானாத்தான் வச்சேன். அரிமளம் தாய்மார்னு நம்ம ஊர்ப் பேரைச் சேத்து இங்கிலீஷ் எழுத்துல பேரு குடுத்து வச்சேன். இருநூத்திப் பதிமூணு பேரு. கடைசிக் கட்டத்துல எனக்கு ஞாபகத்துக்குன்னு ரெண்டு வரி எழுதி வப்பேன். இவளுக்குப் பிரசர், இவ புருசன் குடிச்சிட்டு அடிப்பான், இவ போன தடவை மாத்திரை போட்டுக் கலைச்சா, இப்படி. ஒரு பொண்ணுக்கு நேரா நான் எழுதி வச்சிருந்தது இதுதான். எச்ஐவி பாசிட்டிவ், மாத்திரை மாசம் பன்னெண்டாம் தேதி, புருசனுக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரியாது. பன்னெண்டாம் தேதியானா அவ புதுக்கோட்டைக்குப் போயி மாத்திரை வாங்கினாளான்னு மறக்காமக் கேக்கணும்னுதான் எழுதினேன். அந்த மாதிரி நோய்க்காரங்க பேரை எங்கயும் எழுதக்கூடாது, நம்பர்தான் போடணும்னு டிரெயினிங்குல தலைதலையா அடிச்சுக்கிட்டுச் சொன்னாங்க. எனக்குத்தான் திமிரு. நம்பரைப் பாத்தா எனக்கு மூஞ்சி ஞாபகம் வராதுன்னு பேரை எழுதினேன். இதுல அவ பேரை எழுதமாட்டேன், யாருன்னு ஒனக்குத் தெரிஞ்சாலும் வாயத் தொறக்காதே.

நல்ல பொண்ணு அவ. லாரி ஓட்டுறவனுக்கு வாக்கப்பட்டு வந்தா, வயித்துல புள்ள நின்னப்ப ரத்தம் டெஸ்ட் பண்ணினதுலதான் தெரிஞ்சுச்சு. அவனுக்கும் இருந்துச்சு. என் மடியில தலைய வச்சு ஒரு பொழுது பூராவும் அழுதா, அதுக்கப்பறம் அழுகலை. ஒரு வேளை மாத்திரை தவறவிடலை. மாமியார் கண்ணுல படக்கூடாதுன்னு நான் குடுத்த சத்து மாத்திரை டப்பாவுல போட்டு வச்சுச் சாப்பிட்டா, சிகிச்சை புக்கை என் பீரோவுல வச்சிருந்தா. புள்ள பொறந்து, ஒண்ணரை வருசத்துல கடைசி டெஸ்ட்டும் எடுத்து, புள்ளைக்கு ஒண்ணும் இல்லைன்னு வந்த அன்னைக்கு கிலோ கணக்குல லட்டு வாங்கிட்டு வந்தா. எதுக்கு லட்டுன்னு ஊருக்குச் சொல்ல முடியாம, எம் மக பொறந்த நாளுன்னு பொய் சொல்லிக் குடுத்தா. நம்ம பள்ளிக்கூடத்துச் சத்துணவுல சமையலுக்கு உதவியா இருந்தா. புள்ளைக வரிசையில அவகிட்டத்தான் சாம்பார் ஊத்தச் சொல்லி நிக்கும்.

ஆனி மாசம். நம்ம பக்கத்து ஊருப் பயலுக, வைகாசித் திருவிழாவுல நடந்த ஆடல் பாடல் வீடியோவைத் தேடியிருக்கானுக. அவனுகளும் ஒன்ன மாதிரியே அதே புரோகிராமை வச்சிருக்கானுக. அரிமளம்னு தட்டியிருக்கானுக. ஆட்டம் வரலை, நான் வச்ச லிஸ்ட்டு வந்திருச்சு. தொறந்து பாத்தவனுக அப்படியே மூடியிருந்தா இன்னைக்கு நான் இதை எழுத வேண்டியதில்லை. அந்த ஒரு வரியை மட்டும் போட்டோ புடிச்சு வாட்சப்புல விட்டுட்டானுக, நாசமாப் போறவனுக. காலையில எட்டு மணிக்கு விட்டது, பதினோரு மணிக்கு சத்துணவுக் கூடத்து வாசல்ல நாப்பது பொம்பளைங்க. தட்டோட நின்ன புள்ளைகளைக் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போனாங்க. ஒருத்தி ஒலையில வெந்துக்கிட்டிருந்த சோத்தைக் கவுத்து விட்டா. ஹெட்மிஸ்ட்ரஸ் கும்பிட்டுக் கேட்டும் நிக்கலை, என்னைக் கூப்பிட்டு விட்டாங்க. நான் போயி, சமைக்கிறதுனால ஒட்டாது, தொட்டா ஒட்டாது, ஒரே தட்டுல தின்னாலும் ஒட்டாதுன்னு தொண்டை கிழியச் சொன்னேன். நர்ஸம்மா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு தலையத் தலைய ஆட்டிட்டு, மறுநாள் அத்தனை பேரும் புள்ளைகளுக்கு டிபன் டப்பா கட்டி அனுப்பினாளுக. மூணாம் நாள், கொஞ்ச நாளைக்கு வரவேணாம்னு அவளுக்குச் சொல்லிட்டாங்க. மாமியார்காரி இவ சீலை, சட்டி, புள்ள பாய் எல்லாத்தையும் தெருவுல வச்சிட்டுக் கதவைச் சாத்திட்டா. புருசன் ஆந்திராப் பக்கம் லோடு போனவன், போனையே எடுக்கலை. இப்பவும் எடுக்கலை.

இப்ப என் லட்சணத்தைக் கேளு. அந்தச் சமயத்துல அது என் லிஸ்ட்டுன்னு எனக்குத் தெரியாது, நான் அந்தப் போட்டோவைப் பாக்கவே இல்லை, பேரு வெளிய வந்திருச்சுன்னு மட்டும்தான் காதுல விழுந்துச்சு. ஆஸ்பத்திரியில லேப் பாக்குற முத்துராஜ்தான் வெளிய விட்டிருப்பான்னு நானே முடிவு பண்ணி, டாக்டரம்மா இருக்கையிலேயே அவனைப் புடிச்சு, ஒனக்கு அக்கா தங்கச்சி இல்லையாடா, சோத்தைத்தான் திங்கிறியான்னு நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டேன். அந்தப் பய கண்ணுல தண்ணி விட்டுக்கிட்டு நின்னான். அப்பறம் போனை எடுத்து அந்தப் போட்டோவை எங்கிட்ட நீட்டினான். மாமியாருக்குத் தெரியாதுன்னு இருந்துச்சு. ஆத்தாடி, அது நான் எழுதின வரி. வேற யாரு எழுதுவா அப்படி. எந்தக் கவர்மெண்டு ரெஜிஸ்டர்ல மாமியாருக்குன்னு கட்டம் இருக்கு. அங்கேயே தரையில ஒக்காந்துட்டேன். முத்துராஜ்தான் தண்ணி மொண்டு குடுத்தான். அவன் கால்ல விழாத கொறையா மன்னிப்புக் கேட்டுட்டேன், அவனும் பரவாயில்லைங்கம்மான்னான், ஆனா இன்னைக்கு வரைக்கும் என் மூஞ்சியப் பாத்து அவன் பேசுறதில்லை.

பிளெஸ்ஸி மறுநாளே வயித்தத் தள்ளிக்கிட்டு பஸ் ஏறி வந்தா. கம்ப்யூட்டரைப் போட்டு, கீழ மணி காட்டுற எடத்துக்குப் பக்கத்துல இம்புட்டுப் பொடிசா ஒரு படம் இருக்கே, அதை அமுக்கினா. தை மாசத்துல இருந்து ஒரு நாள் விடாம ஓடிக்கிட்டே இருந்திருக்கு. அப்பா படம் முடிஞ்சதும் மூலையில பெருக்கல் குறியை அமுக்கி மூடிருவாரு, மூடினா நின்னு போச்சுன்னுதான் அவரும் நெனைச்சாரு நானும் நெனைச்சேன். சன்னலைத்தான் சாத்தியிருக்கோம், வாசக்கதவு ஆறு மாசமாத் தொறந்தே கெடந்திருக்கு. எதை எத்தனை பேரு எடுத்தாங்கன்னு அதுலயே ஒரு கணக்கு காட்டுதுடா. அப்பா பென்சன் புக்கு பதினோரு பேரு, ஒன் பாஸ்போர்ட்டு இருபது பேரு, பிளெஸ்ஸி கல்யாண ஆல்பம், அவ சீலை மாத்தையில அவ சேக்காளி வெளையாட்டா எடுத்த போட்டோ உட்பட, அறுபத்தெட்டுப் பேரு. அதைப் பாத்துட்டு அவ எழுந்திரிச்சுப் போயி கொல்லையில வாந்தி எடுத்தா. மசக்கையெல்லாம் எப்பவோ நின்னு போன புள்ள. மாப்பிள்ளைக்கு இன்னும் சொல்லலை, நீயும் சொல்லாதே. என் லிஸ்ட்டை நாப்பத்திமூணு பேரு எடுத்திருக்காங்க. யாரு, எந்த ஊரு, ஒண்ணும் தெரியாது.

அன்னைக்கு ஒனக்குப் போன் போட்டேன். நீ என்ன சொன்னேன்னு ஒனக்கு ஞாபகம் இருக்கா, எனக்கு இருக்கு. பயப்படாதேம்மா, அந்த ஃபைலை டெலிட் பண்ணிட்டு புரோகிராமைத் தூக்கிரு, முடிஞ்சு போச்சு, ஊரே இதைத்தான் வச்சிருக்கு, நம்ம போதாத காலம்னு சொன்ன. முடிஞ்சு போச்சுன்னு சொன்ன பாரு, அதுலதான் எனக்கு ஒன்மேல வெறுப்பே வந்துச்சு. பெத்த புள்ளமேல அப்படி எனக்கு வந்ததே இல்லை. மூணு நாளு நீ கூப்பிட்டும் எடுக்கலையே, அது கையில வேலை இருந்ததுனால இல்லை, இதுனாலதான். மறு வாரம் நானே கைப்பட எழுதி டாக்டரம்மாகிட்டக் குடுத்துட்டேன், வீட்டுக் கம்ப்யூட்டர்ல நான் வச்ச பட்டியல்தான் வெளிய போச்சு, தப்பு என்னோடதுன்னு. யாரு புரோகிராம் போட்டதுன்னு கேட்டாங்க, வீட்டுல போட்டதுன்னு மட்டும் சொன்னேன். விசாரணை முடியிற வரைக்கும் வேலைக்கு வரவேணாம்னு ஆர்டர் வந்திருச்சு. அது போகுது. ரிட்டையர்டு ஆக பதினாலு மாசம் இருக்கையில இப்படி ஆகிப்போச்சேன்னு நான் அழுகலை. முந்தியெல்லாம் தெருவுல போனா, நர்ஸம்மா ஒங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொல்லணும்னு சீலையப் புடிச்சு இழுப்பாளுக, இப்ப என்னயக் கண்டா உள்ள போயிர்றாளுக. நியாயம்தானே. அந்த ஒரு வரிதான் ஊரச் சுத்துச்சு, மிச்சம் இருநூத்திப் பன்னெண்டு வரி அந்த நாப்பத்திமூணு பேருகிட்ட இருக்கு, எது என்னைக்கு வெளிய வருமோ தெரியலை. உங்கப்பா கம்ப்யூட்டர் மேல போர்வையைப் போட்டு மூடிட்டாரு, டிவிகூடப் போடுறதில்லை, செவுத்தைப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருக்காரு. நான் படம் பாக்க ஆசைப்பட்டதுனாலதானேன்னு ஒரே ஒரு தடவை சொன்னாரு. அந்த மனுசன் அழுது நான் பாத்ததே இல்லை அழகு, அன்னைக்குப் பாத்தேன்.

அந்தப் பொண்ணு புள்ளையத் தூக்கிக்கிட்டு எங்க போனான்னே ரெண்டு மாசமாத் தெரியலை. ஜூலை பன்னெண்டு வந்துச்சு, மாத்திரை வாங்க வரலைன்னு தெரிஞ்சுச்சு. ஆகஸ்ட்டு பன்னெண்டும் வரலை. கடைசியா கோட்டைப்பட்டினத்துல அவ தங்கச்சியக் கட்டிக்குடுத்த வீட்டுல இருக்கான்னு துப்புக் கெடைச்சு, புதுக்கோட்டைக்குப் போயி அவ புக்கைக் காட்டி, மன்றாடி, என் பொறுப்புல ஒரு மாச மாத்திரையை வாங்கிக்கிட்டு முந்தாநாள் அறந்தாங்கி பஸ்ஸப் புடிச்சுப் போனேன். எறால் உரிக்கிற செட்டுல இருந்தா. ரெண்டு மாசத்துல பாதியா எளைச்சுப்போயிட்டா அழகு. வெரலெல்லாம் ஐஸ்ல வெளுத்துக் கெடந்துச்சு, சாயங்காலம் ஆனா காய்ச்சல் அடிக்குதுன்னு தங்கச்சி சொல்லுச்சு. மாத்திரை நின்னு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. இப்படியே விட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும், எத்தனை பேரைப் பாத்திருக்கேன், மொதல்ல இருமல் வரும், அப்பறம் ஒவ்வொண்ணா வரும். என்னயக் கண்டதும் ஓடி ஒளிவா, இல்லை மண்ண வாரித் தூத்துவான்னு நெனைச்சுக்கிட்டுப் போனா, வாங்க நர்ஸம்மான்னு ஒரு பிளாஸ்டிக் சேரைத் தொடைச்சுப் போட்டா. எனக்கு அதுக்கு மேல தாங்கலை, ஓன்னு அழுதுட்டேன். எதுக்கு அழுகுறீங்க, நீங்க எழுதுனதுல பொய்யி ஒண்ணும் இல்லையேன்னு கேட்டா. கோவமாக் கேக்கலைடா. கோவமாக் கேட்டிருந்தா நான் பொறுத்துக்கிருவேன்.

மாத்திரைப் பொட்டலத்தை எடுத்து நீட்டினேன், வாங்கலை. ஒன் உசுரைப் பாருடி, புள்ளைய நெனைச்சுப் பாருடின்னு என்னென்னமோ சொன்னேன். நான் ஏசுற ஏச்சுக்குப் பயந்து எத்தனை பேரு மாத்திரை முழுங்கியிருக்கா, இவகிட்ட என் வாயி செல்லலை. அப்பறம் அவளே கேட்டா, அந்த லிஸ்ட்டு இப்ப எங்கயும் இல்லையான்னு. நம்ம வீட்டுல அழிச்சாச்சுன்னேன். வேற எங்கயும் இல்லைன்னு ஒங்க மகன் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க, இப்பவே ஒங்க கண்ணு முன்னாடி முழுங்குறேன்னா. ஒரு பொய்தானே, ஒரு உசுரு பொழைக்கும்னா சொல்லிட்டுப் போயிரலாம்னு தோணுச்சு. கையையும் தூக்கினேன். ஒன் தலையாச்சே, நாக்கு எழும்பலை. நாப்பத்திமூணு பேருகிட்ட இருக்கு, அவங்க யாருன்னு எங்களுக்குத் தெரியாதுன்னு உள்ளதைச் சொல்லிட்டேன். நாலு வயசு முடியப்போற அந்தப் புள்ள அவ மடியில ஒக்காந்து ரொட்டி தின்னுக்கிட்டு இருந்துச்சு, அதோட தலையத் தடவிக்கிட்டே அவ கேட்டதை அப்படியே எழுதுறேன். எம் மக படிச்சுப் பெரியவளாகி, அவளும் ஒரு நாளைக்கு ஊர்ப் பேரைத் தட்டித் தேடினா, எம் பேரு அந்த நோயோட வருமா வராதா நர்ஸம்மா, நான் செத்துப்போனதுக்கு அப்பறமும் வருமான்னு கேட்டா. எனக்குத் தெரியலைன்னேன். தெரிஞ்சவங்களைக் கேட்டுட்டு வாங்க, அப்பறம் மாத்திரையப் பாத்துக்கலாம்னு சொல்லிட்டு எறால் கூடைக்குப் போயிட்டா.

தெரிஞ்சவன் நீதான். நம்ம வீட்டுல கம்ப்யூட்டர் படிச்சவன் நீ, அந்த டிக்கை அடிச்சவனும் நீ. அதுனால அவ கேட்டதுக்கு நீதான் பதில் எழுதணும். என்னய சமாதானப்படுத்த எழுதாதே, பயப்படாதேம்மான்னு ஒரு வரி இருந்தாக்கூட கிழிச்சுப் போட்டுருவேன். நல்லா வெசாரிச்சு, தெரிஞ்ச ஆளுகளைக் கேட்டு, வராதுன்னா எதுனால வராதுன்னு எழுது. வரும்னா வரும்னே எழுது. அதைத் திரும்பப் புடிக்கவோ மறைக்கவோ ஏதாச்சும் வழி இருந்தா, யாருகிட்ட மனுக் குடுக்கணும், எங்க போகணும், அதையும் எழுது, இந்த வயசுலயும் நான் மெட்ராசுக்குக்கூடப் போவேன். எதுவா இருந்தாலும் அவ மூஞ்சியப் பாத்து வாசிச்சுக் காட்டத்தான் போறேன், அடுத்த தடவையும் அவகிட்டப் போயி எனக்குத் தெரியலைன்னு நிக்க என்னால ஆகாது. வேணாம், பழசுதான், யாரு தேடப்போறான்னு மட்டும் எழுதிராதே. ஆட்டத்தைத் தேடினவனுக்குத்தான் அது கெடைச்சுச்சு.

அங்க ரூம்ல ஆறு பேரு ஒரே லேப்டாப்பு வச்சிருக்கீங்கன்னு சொன்ன. அதுலயும் இந்தச் சனியனைப் போட்டு வச்சிருப்பீங்கன்னு எனக்குத் தெரியும், இல்லைன்னு எங்கிட்டச் சத்தியம் பண்ணாதே. இன்னைக்கே அதை எடுத்துரு, எடுக்கிறதுக்கு முன்னாடி எந்த ஃபோல்டரைத் தொறந்து விட்டிருக்கீங்கன்னு பாரு, அந்த மத்தப் புள்ளைகளோட பெர்மிட்டு, பாஸ்போர்ட்டு, அவங்க பொண்டாட்டி புள்ளைக போட்டோ எதுவும் அதுல இருந்தா அவங்ககிட்ட ஒளிக்காமச் சொல்லு. திட்டுவாங்க, வாங்கிக்க. ஒன் பாஸ்போர்ட்டு காப்பி இருபது பேருகிட்டப் போயிருக்குன்னு கம்பெனியில ஒரு வார்த்தை சொல்லி வையி, நாளைக்கு எவனாச்சும் ஒன் பேருல எதையாச்சும் பண்ணித் தொலைச்சா நீ போயி மாட்டிக்கிடுவ.

நேரத்துக்குச் சாப்பிடு, தண்ணி நெறையக் குடி, ஞாயித்துக்கெழமை பூசைக்குப் போ. ஒன்மேல வந்த வெறுப்பு முழுசாப் போயிருச்சான்னு கேட்டா, பாதி போயிருச்சு, மிச்சம் நீ எழுதுறதுல இருக்கு. எங்க இருந்தாலும் மாதா ஒன்னயக் கைவிடாம இருக்கட்டும், அப்பாவோட ஆசீர்வாதமும் என் ஆசீர்வாதமும் ஒனக்கு எப்பவும் உண்டு. செப்டம்பர் பன்னெண்டாம் தேதி நான் திரும்பக் கோட்டைப்பட்டினம் போறேன், ஒன் எழுத்து அதுக்கு முன்னாடி என் கைக்கு வந்து சேரணும். மாத்திரைப் பொட்டலம் பிரிக்காம என் பையிலேயே இருக்கு.

இப்படிக்கு
ஒன் அம்மா
சந்தனமேரி